கைப்பிடியைப் பிடித்திருப்பது எது?

படிக்கட்டின் கைப்பிடி ஆடத் தொடங்கினால் பழுது பெரும்பாலும் குழாயிலோ கம்பியிலோ இருப்பதில்லை. அவற்றை ஒன்றோடொன்றும் படியோடும் சேர்த்துப் பிடித்திருக்கும் சிறு பிணைப்புகளில்தான் இருக்கும். போல்ட், திருகாணி, ஆங்கர், ரிவெட், வெல்டு, ஈயம் ஊற்றிய குழி எனப் பல வகை உண்டு. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர் வட்டாரத்து வீடுகளில் இவை கலந்தே கிடக்கின்றன. தரைத்தளம் ஒரு தலைமுறையில் கட்டப்பட்டிருக்கும், மாடி அடுத்த தலைமுறையில் எழுந்திருக்கும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடி அதற்கும் பின்னால் வந்திருக்கும். ஒரே படிக்கட்டில் மூன்று காலத்து இரும்பு இருப்பது இங்கே சாதாரணம்.

கண்டிராத பிணைப்பு ஒன்று எதிர்ப்பட்டால் அதை அடையாளம் காண மூன்று கேள்விகள் போதும். அது எந்த விசையைத் தாங்குகிறது? அதன் மரை எந்த அளவுமுறையைச் சேர்ந்தது? அது எந்த உலோகம்? இவற்றுக்கு விடை தெரிவதற்கு முன் ஸ்பேனர் வைப்பது, நன்றாக இருந்த பிணைப்பையும் கெடுத்துவிடக்கூடும்.

பன்னிரண்டு மடங்காகும் விசை

கைப்பிடி எவ்வளவு தாங்க வேண்டும் என்பதை ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தரநூலின் இரண்டாம் பகுதி (1987) வரையறுக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் படிக்கட்டின் கைப்பிடி, மீட்டருக்கு 0.35 கிலோநியூட்டன் பக்கவாட்டு விசையைத் தாங்க வேண்டும். பலர் புழங்கும் மற்றப் படிக்கட்டுகளுக்கு இது 0.75 கிலோநியூட்டன். கைப்பிடியைத் தாங்கும் கால்கள் 1.2 மீட்டர் இடைவெளியில் நின்றால், வீட்டுப் படிக்கட்டின் ஒவ்வொரு காலும் 0.42 கிலோநியூட்டனை, அதாவது சுமார் 43 கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசையைத் தாங்க வேண்டியிருக்கும்.

இந்த விசை மேலே, 90 செ.மீ. உயரத்தில் தள்ளுகிறது. அதை எதிர்க்கும் போல்ட்டோ கீழே, காலின் அடியிலுள்ள பேஸ் பிளேட்டின் எதிர் விளிம்பிலிருந்து ஏறக்குறைய 7.5 செ.மீ. தொலைவில் இருக்கிறது. 90-ஐ 7.5-ஆல் வகுத்தால் 12. ஆகவே மேலே 43 கிலோவாக இருந்தது, கீழே 516 கிலோ இழுப்பாக மாறுகிறது. அந்தப் பக்கத்தில் இரண்டு ஆங்கர்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 258 கிலோ. ஒருவர் சாய்ந்து நிற்கும்போது கைப்பிடி வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது, உட்பக்க ஆங்கர்கள் மேல்நோக்கி இழுபடுகின்றன. கைப்பிடி ஆடும்போது முதலில் பார்க்க வேண்டியவை இந்த உட்பக்க ஆங்கர்களே.

படியின் மேல்பரப்பில் நிற்கும் காலில் இழுப்பு மிகுதி. படியின் பக்கவாட்டில் பொருத்திய காலில் இழுப்போடு, போல்ட்டைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசையும் சேர்ந்துகொள்ளும். கைப்பிடிக் குழாயை அதன் தாங்கியில் நிறுத்தும் சிறு திருகாணிக்கு வேலை மிகக் குறைவு. குழாய் சுழலாமலும் நகராமலும் பார்த்துக்கொண்டால் போதும். பிணைப்பு எவ்வளவு விசித்திரமாகத் தோன்றினாலும், அது இருக்கும் இடமே அதன் வேலையைப் பாதி சொல்லிவிடும்.

நூலும் மில்லிமீட்டரும்

தாம்பரத்து ஹார்டுவேர் கடையில் ‘மூணு நூல் போல்ட்’ என்று கேட்டால் 3/8 அங்குல போல்ட் வரும். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். இரண்டு நூல் என்பது கால் அங்குலம், இரண்டரை நூல் 5/16, நாலு நூல் அரை அங்குலம். அதே கடையின் அடுத்த டப்பாவில் எம்6, எம்8, எம்10 என்னும் மெட்ரிக் போல்ட்டுகளும் இருக்கும்.

அங்குல மரையின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு மரையை வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1841-ல் ஜோசப் விட்வொர்த் எல்லோருக்கும் பொதுவான அளவை முன்வைத்தார். அவருடைய மரைப் பல்லின் கோணம் 55 பாகை. ரயில்வேயோடும் ஆங்கிலேய எந்திரங்களோடும் அந்த மரை சென்னைக்கு வந்தது. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் ஓடத் தொடங்கியது; சென்னை கிறித்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. அந்தக் காலத்துக் கட்டடங்களில் கழற்றும் போல்ட் விட்வொர்த் வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சதுரத் தலை போல்ட்டும் சதுர நட்டும் அக்காலத்தின் அடையாளங்கள்.

இந்தியா 1956-ல் சட்டம் இயற்றி, 1958 அக்டோபர் தொடங்கிப் படிப்படியாக மெட்ரிக் முறைக்கு மாறியது. மெட்ரிக் மரைப் பல்லின் கோணம் 60 பாகை. சட்டம் மாறினாலும் கிரில் பட்டறைகளின் பேச்சிலும் கையிருப்பிலும் நூல் கணக்கு நீடித்தது. எனவே வீடு கட்டிய ஆண்டை மட்டும் வைத்து மரையை முடிவு செய்ய முடியாது.

இரண்டு முறைகளும் அளவில் நெருங்கி வருவதுதான் ஆபத்து. இரண்டரை நூல் போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ., எம்8 போல்ட்டின் விட்டம் 8 மி.மீ. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் முன்னதில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடையே 1.41 மி.மீ., பின்னதில் 1.25 மி.மீ. ஒன்றின் நட்டை மற்றதில் ஏற்றினால் ஓரிரு சுற்றுக்குள் இறுகிவிடும். ‘துரு பிடித்திருக்கிறது’ என்று எண்ணி ஸ்பேனரால் அழுத்தினால் மரை அழிந்துவிடும்.

மூணு நூலும் எம்10-ம் இன்னும் மோசமான இணை. மூணு நூல் போல்ட்டின் விட்டம் 9.53 மி.மீ., மரை இடைவெளி 1.59 மி.மீ.; எம்10-ன் இடைவெளி 1.5 மி.மீ. போல்ட் மெலிந்திருப்பதால் எம்10 நட்டுக்குள் சில சுற்றுகள் சுலபமாகச் செல்லும், பிறகு இறுகும், சரியாகப் பொருந்திவிட்டதாகவே தோன்றும். உண்மையில் பற்கள் ஒன்றையொன்று பிடிக்கும் ஆழத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்திருக்கும். மிச்சப் பிடியும் எல்லாப் பற்களிலும் சமமாக விழாது. வழக்கமாகக் கைவைக்கும்போது தாங்கும். யாராவது தடுமாறி விழப்போய்ப் பிடிக்கும் நாளில்தான் கைவிடும்.

துத்தநாகம் பூசிய பழைய ஜி.ஐ. குழாய்க் கைப்பிடிகளில் மூன்றாவது வகை மரை உண்டு. அரை அங்குலக் குழாய் எனப்படுவதன் வெளிவிட்டம் சுமார் 21 மி.மீ.; அரை அங்குலம் என்பது உள்துளையையொட்டி எழுந்த பெயர். அங்குலத்துக்கு 14 பற்கள். இந்தக் குழாய்கள் டீ, எல்போ ஆகியவற்றால் இணைக்கப்பட்டிருந்தால் நடுவில் இருக்கும் ஒரு துண்டைத் தனியாகத் திருகிக் கழற்ற இயலாது. அதன் இரு முனைகளிலும் வலமரை இருப்பதால் ஒரு முனை கழலும்போது மறுமுனை இறுகும். இடையில் பிரிக்கத்தக்க இணைப்பான யூனியன் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்; இல்லையென்றால் குழாயை அறுத்து யூனியன் வைத்து இணைக்க வேண்டும்.

மரையை அளக்கும் முறை

கழற்றிய போல்ட்டைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, விட்டத்தை வெர்னியரால் அளக்க வேண்டும். தேய்ந்த மரை சற்றுக் குறைவாகக் காட்டும் என்பதால் விட்டம் மட்டும் போதாது. பிட்ச் கேஜ் இருந்தால் அதன் பற்கள் ஒளி புகாமல் பொருந்தும் தகட்டைத் தேடலாம். இல்லாவிட்டால் போல்ட்டை வெள்ளைத் தாளில் அழுத்தி உருட்டி, பதிந்த கோடுகளில் பத்து இடைவெளிகளை அளந்தால் போதும். பத்து இடைவெளி 12.5 மி.மீ. என்றால் எம்8, 14.1 என்றால் இரண்டரை நூல். 15 என்றால் எம்10, 15.9 என்றால் மூணு நூல். ஒற்றை இடைவெளியில் தெரியாத வேறுபாடு பத்தில் தெளிவாகத் தெரியும்.

துளைக்குள் இருக்கும் மரைக்கு, அதிலிருந்து வந்த போல்ட்டே அளவு. அது தொலைந்திருந்தால் அளவு தெரிந்த போல்ட்டுகளை விரலால் மட்டும் திருகிப் பார்க்க வேண்டும். பொருத்தமானது ஐந்தாறு சுற்றுகள் ஒரே இலகுவோடு செல்லும்.

மரத் திருகாணிகளுக்கு நம்பர் கணக்கு. நம்பரை 0.33-ஆல் பெருக்கி 1.52-ஐக் கூட்டினால் தண்டின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 8 நம்பர் திருகாணி 4.2 மி.மீ., 10 நம்பர் 4.8 மி.மீ.

இடமரையும் உண்டு. கம்பிவடம் இழுத்துக் கட்டிய கைப்பிடிகளில் வடத்தை இறுக்கும் டர்ன்பக்கிளின் ஒரு முனை வலமரை, மறுமுனை இடமரை. நடுவுடலைச் சுழற்றினால் இரு முனைகளும் ஒருசேர உள்ளே வரும் அல்லது வெளியே போகும். இடமரை நட்டுகளின் மூலைகளில் சுற்றிலும் சிறு வெட்டுக்கோடு இருப்பது வழக்கம். பல் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பார்த்தாலும் தெரிந்துவிடும்: போல்ட்டை நிமிர்த்திப் பிடிக்கும்போது பற்கள் வலப்பக்கம் ஏறினால் வலமரை, இடப்பக்கம் ஏறினால் இடமரை.

மரக் கைப்பிடிக்குள் மறைந்திருப்பவை

பழைய தேக்குக் கைப்பிடி திரும்பும் இடத்தில் இரண்டு மரத்துண்டுகள் முட்டிக்கொண்டு நிற்கும்; வெளியே ஆணியும் தெரியாது, திருகாணியும் தெரியாது. உள்ளே இருப்பது கைப்பிடி போல்ட். அது இரு முனைகளிலும் மரை வெட்டிய இரும்புத் தண்டு. ஒரு முனையில் சதுர நட்டு மரக்குழிக்குள் சுழலாமல் அமர்ந்திருக்கும். மறுமுனையில் விளிம்பெங்கும் வெட்டுகள் கொண்ட வட்ட நட்டு இருக்கும். கைப்பிடியின் அடிப்பக்கத்தில் தோண்டிய குழி வழியாக, வெட்டுகளில் உளியோ பஞ்ச் கருவியோ வைத்துத் தட்டித் தட்டி அதை இறுக்குவார்கள். பிறகு குழியை அதே மரத்தால் அடைத்துவிடுவார்கள்.

இதை அடையாளம் காண, இணைப்புக்கு இருபுறமும் கைப்பிடியின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மரவரி மாறும் சிறு சதுரமோ வட்டமோ தென்பட்டால் அதுதான் அடைப்பு. இணைப்பு விரிந்திருந்தால் அடைப்பை எடுத்து நட்டை மீண்டும் இறுக்கினாலே பெரும்பாலும் சரியாகும். மேலிருந்து நீள ஆணி அடிப்பது மரத்தைப் பிளக்கும், உள்ளே இருக்கும் தண்டிலும் மோதும்.

இதன் உறவினர் ஹேங்கர் போல்ட். அதன் ஒரு பாதியில் மரத்தில் ஏறும் அகன்ற மரை, மறுபாதியில் நட்டு ஏறும் நெருங்கிய மரை. தலை கிடையாது. கழற்ற, வெளியே நிற்கும் பாதியில் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டி, உள்நட்டில் ஸ்பேனர் வைத்துத் திருப்ப வேண்டும்.

கல் படியும் ஈயமும்

பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் கருமை கலந்த கல்லுக்கு நிலவியலில் சார்னோக்கைட் என்று பெயர். இதைப் போன்ற கெட்டியான கல் படிகளில் இரும்புக் கால்களை நிறுத்தப் பழைய கல்தச்சர்களும் கொல்லர்களும் கையாண்ட வழி ஈயம். கல்லில் அடி அகன்ற குழி வெட்டி, காலை நிறுத்தி, உருக்கிய ஈயத்தை ஊற்றி, ஆறியதும் உளியால் இடித்து இறுக்குவார்கள். அடி அகன்றிருப்பதால் ஈயக்கட்டி மேலே வராது.

காலைச் சுற்றி மங்கிய சாம்பல் நிற வளையம் இருந்து, நகத்தால் கீறினால் பளிச்சென்று கோடு விழுந்து, காந்தம் ஒட்டாமல் இருந்தால் அது ஈயம். மஞ்சள் நிறமாக, நொறுங்கும் தன்மையோடு இருந்தால் கந்தகம் ஊற்றியிருக்கிறார்கள். கந்தகம் காலப்போக்கில் இரும்பை அரித்துத் துருவை வளர்க்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் கல்லே வெடிக்கும். குழியிலிருந்து படி விளிம்பை நோக்கி ஓடும் விரிசல் அதன் அடையாளம்.

ஆடும் ஈயப் பிணைப்பைப் பல இடங்களில் மீண்டும் இடித்தே இறுக்கிவிடலாம். கேஸ் விளக்கால் சூடேற்றி எடுப்பது கூடாது. ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும், அதன் புகை நஞ்சு. குழியில் ஈரம் இருந்தால் நீராவி வெடித்து உருகிய ஈயத்தைத் தெறிக்கவிடும்.

கான்கிரீட்டில் ஆங்கர்

இன்றைய வீடுகளில் பெரும்பாலான கால்கள் கான்கிரீட்டில் ஆங்கரால் நிற்கின்றன. வெளியே தெரியும் பகுதியைக் கொண்டே வகையைச் சொல்லிவிடலாம். நட்டைக் கழற்றிய பின் மரைத்தண்டு துளையிலேயே நின்றால் அது ஆப்பு வகை. இறுக்கும்போது தண்டின் அடிக்கூம்பு மேலேறி வளையத்தை விரிக்கிறது. அது வெளியே வராது. அறுத்துத் தரைமட்டமாக்கி, தள்ளி வேறு துளை போட வேண்டும். துளையின் வாயில் மெல்லிய உலோகக் குழல் தெரிந்தால் அது ஸ்லீவ் வகை. போல்ட் முழுதாக வெளியே வந்து, துளைக்குள் மரை வெட்டிய குவளை தெரிந்தால் அது உள்விரி வகை. அதன் மரையை அளந்தே புது போல்ட் வாங்க வேண்டும். தண்டைச் சுற்றிப் பிசின் வளையம் இருந்து வேறெதுவும் தெரியாவிட்டால் அது ரசாயன ஆங்கர்.

பிளாஸ்டிக் பிளக்கும் திருகாணியும் சுவரில் லேசான பொருள்களைத் தாங்கப் பிறந்தவை. ஜான் ஜோசப் ராலிங்ஸ் 1911-ல் நாரால் ஆன பிளக்கை உருவாக்கினார். ஆர்தர் பிஷர் 1958-ல் நைலானில் செய்தார். அதற்கு முன்னும் பின்னும் சுவரில் மரக்கட்டை அடித்து அதில் திருகாணி ஏற்றுவது நம் வழக்கம். கரையான் வந்தால் கட்டை தூளாகிவிடும். கைப்பிடிக் காலின் அடியில் பிளக்கோ கட்டையோ காணப்பட்டால், ஆடாவிட்டாலும் மாற்றியே ஆக வேண்டும்.

புறநகர் வீடுகளில் பரவலாகக் காணப்படும் ஒரு கோளாறு ஆங்கரின் நீளத்தில் இருக்கிறது. கான்கிரீட் படியின்மேல் 25 முதல் 40 மி.மீ. வரை கலவை, அதன்மேல் 18 மி.மீ. அளவுக்குக் கிரானைட் பலகை. 75 மி.மீ. ஆங்கரில் பேஸ் பிளேட்டும் நட்டும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவது கலவையிலேயே முடிந்துவிடும்; கான்கிரீட்டுக்குள் நுழைவது அற்பம். கலவையில் விரிந்த ஆங்கர் சில மாதம் இறுக்கமாக இருந்து பின் தளரும். நட்டை எத்தனை முறை இறுக்கினாலும் மீண்டும் ஆடுவது இதன் அறிகுறி. அங்கே தேவை, கான்கிரீட்டுக்குள் போதிய ஆழம் இறங்கும் நீள ஆங்கர். படி விளிம்புக்கு அருகே என்றால், பக்கவாட்டில் நெருக்காத ரசாயன ஆங்கர்.

எஸ்.எஸ். குழாயும் கண்ணாடியும்

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடியில் பிணைப்புகள் கண்ணுக்குப் படாமல் இருப்பதையே அழகாகக் கருதுகிறார்கள். காலின் அடியில் இருக்கும் கிண்ண மூடியை மேலே தூக்கினால் பேஸ் பிளேட் தெரியும். குழாய் இணைப்பின் அடிப்பக்கத்தில், தலையே இல்லாமல் குழிக்குள் அமர்ந்திருக்கும் சிறு திருகாணி கிரப் ஸ்க்ரூ. அறுகோணக் குழிக்கு ஆலன் கீ வேண்டும். மில்லிமீட்டர் கீயும் அங்குலக் கீயும் அங்கேயும் நெருங்கி வரும். தளர்வாகச் சுழலும் கீயைப் போட்டால் குழி வட்டமாகிவிடும்.

திருட்டைத் தடுக்கும் தலைகளும் உண்டு. குழியின் நடுவில் குச்சி நின்றால், முனையில் துளையுள்ள கீ தேவை. ஒரு பக்கம் சரிந்த வெட்டு கொண்டவை இறுக மட்டுமே செய்யும், கழலாது. தலை முறிந்து கூம்பு மட்டும் மிஞ்சியிருப்பது, இறுக்கி முடித்ததும் தானே முறியும்படி செய்யப்பட்ட நட்டு. கடைசி இரண்டையும் அறுத்தோ துளையிட்டோதான் எடுக்க முடியும்.

கண்ணாடியைத் தாங்கும் பொத்தான் போல்ட்டில் கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் நடுவே நைலான் அல்லது ரப்பர் வளையம் இருக்கும். அது இல்லாமல் இறுக்கினால் கண்ணாடி முழுவதும் நொறுங்கக்கூடும். வலுவூட்டிய கண்ணாடியில் பிறகு துளை போட முடியாது. ஆகவே போல்ட்தான் துளைக்குப் பொருந்த வேண்டும். கண்ணாடியை இருவர் தாங்கிப் பிடிக்காமல் ஒரு பொத்தானைக்கூடத் தளர்த்தக் கூடாது.

உலோகத்தை அறிதல்

போல்ட் தலையில் உள்ள எழுத்து அதன் வலிமையைச் சொல்லும். 4.6 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 400 நியூட்டன் இழுவலிமை, 8.8 என்றால் 800. ஏ2-70 என்றால் 304 வகையைச் சேர்ந்த ஸ்டெயின்லெஸ், 700 நியூட்டன். ஏ4 என்றால் மாலிப்டினம் சேர்ந்த 316 வகை. உப்புக்காற்றில் நன்றாக நிற்கும். நீலாங்கரை, பாலவாக்கம் போன்ற கடலோரப் பகுதிகளில் இதற்குத் தனி மதிப்பு உண்டு.

கைப்பிடிக் குழாய்களில் நிக்கல் குறைந்து மாங்கனீஸ் மிகுந்த 202 வகை பெருமளவில் விற்கிறது. 304-ஐப் போலவே அதிலும் காந்தம் ஒட்டாது என்பதால் காந்தச் சோதனை இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. மாங்கனீஸைக் கண்டறியும் சோதனைத் துளி பிரித்துக் காட்டும்.

ஸ்டெயின்லெஸ் குழாயில் துத்தநாகம் பூசிய சாதாரணத் திருகாணியைப் போடுவது பெரும் பிழை. ஈரம் பட்டதும் இரண்டும் சேர்ந்து மின்கலமாகும். அளவில் சிறிய திருகாணியே அரிப்பு முழுவதையும் ஏற்கும். வெளியே பளபளப்பு குறையாமல் உள்ளே தண்டு மெலிந்துகொண்டே போகும். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது, முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் வெள்ளம் புகுந்தது. நீரில் நின்ற வீடுகளில் கிண்ண மூடிகளைத் தூக்கி அடி ஆங்கர்களைப் பார்ப்பது கட்டாயம். மூடிக்குள் தங்கிய ஈரம் எளிதில் காய்வதில்லை.

ஸ்டெயின்லெஸ் நட்டை அதே உலோக போல்ட்டில் வேகமாக இறுக்கினால் உராய்வில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கிரீஸ் தடவிக் கையால் மெதுவாக இறுக்க வேண்டும். ஜி.ஐ. குழாயில் வெல்டு வைக்கும் முன் துத்தநாகப் பூச்சைத் தேய்த்தெடுக்க வேண்டும். அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும்.

வேலையின் வரிசை

முதலில் கைப்பிடியை அசைத்து, அசைவு தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். காலும் பிளேட்டும் சேர்ந்து அசைந்தால் ஆங்கர், கால் மட்டும் அசைந்தால் வெல்டு, மேல்குழாய் மட்டும் அசைந்தால் தாங்கித் திருகாணி. அடுத்து, மூடி, அடைப்பு, பெயிண்ட் ஆகியவற்றை நீக்கிப் பிணைப்பை முழுதாக வெளிப்படுத்திப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு காந்தம், கீறல், தலை எழுத்து ஆகியவற்றால் உலோகத்தை அறிந்து, துருவுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்துக் கழற்ற வேண்டும். கைப்பிடி விழாமல் முட்டுக் கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரு பிணைப்பையே கழற்ற வேண்டும். கழன்றதை அளந்து, அதையே கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். தாம்பரத்தில் கிடைக்காத விட்வொர்த் போல்ட்டுகளைப் பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் தேடலாம். அங்கும் இல்லாவிட்டால் லேத் பட்டறையில் மரை வெட்டித் தருவார்கள்.

புதியதைப் பொருத்தியபின், கைப்பிடியின் உயரத்தில் ஒவ்வொரு காலையும் உடல் எடையோடு படிக்கட்டின் உட்பக்கம் நோக்கி இழுத்துச் சோதிக்க வேண்டும். சற்றும் அசையாவிட்டால் பிணைப்பு பொருந்தியிருக்கிறது. அசைந்தால் இறுக்கத்தைக் கூட்டிப் பயனில்லை. வகையோ அளவோ ஆழமோ தவறாகக் கணிக்கப்பட்டிருக்கிறது, அதை மீண்டும் பார்க்க வேண்டும்.